பாராசிட்டமால் போட்டால் மூளை தன் தவறைக் கவனிப்பது குறையுமா? புராஜெக்ட் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்க

வேளச்சேரி வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். 2016-இல் டொராண்டோ, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. உடம்புக்கு எந்தக் குறையும் இல்லாத 62 பேர். ஒரு பகுதியினருக்கு 1000 மி.கி. பாராசிட்டமால், மற்றவங்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. திரையில் ஆங்கில எழுத்து 'எஃப்' வந்தால் பட்டனை அழுத்தணும், 'ஈ' வந்தால் கையை அடக்கிக்கணும். அதைச் செய்யும்போதே தலையில் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளை அளப்பது) பதிவு. மருந்து எடுத்தவங்க தப்பு செய்யும்போது, தப்பை உணர்வதோடு தொடர்புடைய ஒரு மூளை அலை சின்னதாக இருந்ததாம்.

இதையே இங்கே சென்னையில் செய்து பார்க்க ஆசை. துறையில் 32 மின்முனை இ.இ.ஜி. இருக்கு. என் திட்டம்: 40 மாணவர்கள், 20-20 ஆகப் பிரிப்பது. ஒரு குழுவுக்கு டோலோ 650 ஒன்று, இன்னொரு குழுவுக்கு பி-காம்ப்ளெக்ஸ். அரை மணி நேரம் கழித்துச் சோதனை. முந்தின நாள் இரவிலிருந்து காபி, டீ கூடாது. மே மாதம் லீவில் நடத்தலாம்னு இருக்கேன். வியர்வையால் அலை ஆடும்னு சீனியர் சொன்னதால 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மெதுவான அலைகளை வடிகட்டி வெட்டிடலாம்னு நினைக்கிறேன்.

எங்கே இடிக்கும்? வழிகாட்டியிடம் கொண்டுபோவதற்கு முன்னால் திருத்திக்கணும்.

பெரம்பூர் பார்மசிஸ்ட்:

தம்பி, மருந்துப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அது சரியில்லைன்னா மேலே எது கட்டினாலும் நிற்காது.

அளவு: இந்த வகை ஆய்வுகளில் வழக்கம் ஒரே வேளையாக 1000 மி.கி. நீங்க 650 கொடுத்து எதுவும் தெரியாமல் போனால், விளைவே இல்லையா, மருந்து பத்தவில்லையா என்று உங்களால் சொல்லவே முடியாது. அதுக்காக இரண்டு டோலோ 650 போட்டுடாதீங்க, 1300 ஆகிவிடும். பெரியவங்களுக்கு ஒரு வேளைக்கு 1000, ஒரு நாளைக்கு 4000 மி.கி. என்பது மேல் வரம்பு. 500 மி.கி. இரண்டு, அவ்வளவுதான்.

அடுத்து எடை. நம்ம ஊர்க் கல்லூரிகளில் 45 கிலோ உள்ளவங்க நிறைய. 1000 மி.கி. அவங்களுக்குக் கிலோவுக்கு 22 மி.கி.; 80 கிலோ ஆளுக்கு 12.5 தான். எடை குறைந்தவங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 15 வரைதான். அதனால் 50 கிலோவுக்குக் கீழே உள்ளவங்களைச் சேர்க்காதீங்க. மற்றவங்களை எடை பார்த்து எழுதி வைங்க, பின்னால் கணக்கில் எடுத்துக்கலாம். கேட்டு எழுதாதீங்க, தராசில் நிற்க வைத்து எழுதுங்க.

நேரம்: வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் உச்சம் வர 30 முதல் 60 நிமிடம். ஆனால் உங்களுக்கு வேண்டியது மூளை. தண்டுவட நீரில் இதன் அளவு ரத்தத்தைவிடப் பின்தங்கித்தான் ஏறும், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ. ரத்தத்தில் பாதியாகக் குறைய 2 முதல் 3 மணி நேரம் ஆகும் என்பதால் நடுவில் நல்ல இடைவெளி இருக்கு. மாத்திரை கொடுத்த 60-ஆவது நிமிடத்தில் மின்முனைத் தொப்பியை மாட்ட ஆரம்பிங்க, ஜெல் வைத்து முடிக்க அரை மணி ஆகும், 90-ஆவது நிமிடத்தில் சோதனை. அரை மணியில் ஆரம்பிச்சால் பாதிப் பேருக்கு மருந்து இன்னும் குடலிலேயே இருக்கும்.

ஏன்னா பாராசிட்டமாலை உறிஞ்சுவது சிறுகுடல்தான், இரைப்பை அல்ல. இரைப்பை எப்போ காலியாகுதோ அப்போதான் மருந்து நகரும். காலையில் வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டு வந்தவருக்கும் வெறும் வயிற்றோடு வந்தவருக்கும் உச்ச நேரம் ஒரு மணிக்கு மேல் வித்தியாசப்படலாம். இரண்டு இட்லி, மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னால், எல்லாருக்கும் ஒரே மாதிரி. மாத்திரையோடு 200 மி.லி. தண்ணீர்.

பி-காம்ப்ளெக்ஸை அடியோடு விட்டுடுங்க. அதில் ரைபோஃப்ளேவின் இருக்கு. ஒண்ணு, இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும். பாத்ரூம் போய் வந்த மாணவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரிந்துவிடும். வாசனையும் வேறு. சரியான வழி, இரண்டையும் ஒரே நிறக் கேப்சூலில் அடைப்பது. வட்டமான 500 மாத்திரை, பெரிய 00 அளவு கேப்சூலுக்குள்ளேகூட நுழையாது. ஒரு பார்மசி கல்லூரியின் மருந்தாக்கவியல் துறையில் கேட்டுப் பாருங்க. பொடியாக எடை போட்டு ஒரு கேப்சூலுக்கு 500 மி.கி. நிரப்புவாங்க, போலிக்கு மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்ற மருந்தில்லாத நிரப்புப் பொடி. பாராசிட்டமால் கசக்கும், அதனால் கேப்சூலின் வெளிப்புறத்தைத் துடைத்துத் தரச் சொல்லணும். நாக்கில் கசப்பு பட்டாலே ரகசியம் போச்சு.

இன்னொன்று. "கடந்த 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் எடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை"ம்பாங்க. "ஜலதோஷ மாத்திரை, தலைவலி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, பீரியட்ஸ் வலிக்கு ஏதாவது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. பாதி ஜலதோஷ மாத்திரைகளில் பாராசிட்டமால்தான் முதல் பெயர். கூடவே குளோர்பெனிரமின் இருக்கும், அது தூக்கம் தந்து உங்க அலைகளையே மாற்றிடும். ஈரல் நோய், முந்தின நாள் மது, காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கர்ப்பம்: இவங்க யாரும் வேண்டாம்.

மின்முனை:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போறேன். நான் அலைகளைப் பற்றி மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க திட்டத்தில் ஒரு வரி முழு ஆய்வையும் கெடுத்துடும். அந்த 1 ஹெர்ட்ஸ் வரி.

தப்பு செய்ததும் இரண்டு அலை வரும். முதலாவது, விரல் பட்டனைத் தொட்டதிலிருந்து 100 மில்லிசெகண்டுக்குள், நெற்றிக்கு மேலே நடுவில் எதிர்மின் பக்கமாக ஒரு கூர்மையான இறக்கம். இதை ஈ.ஆர்.என். என்பாங்க. தப்பு நடந்தது நமக்கே உறைக்கும் முன்னால் வருவது. இரண்டாவது 200-இலிருந்து 500 மில்லிசெகண்டுக்குள், உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால், மெதுவாக எழும்பி மெதுவாக அடங்கும் நேர்மின் மேடு. இது பி.ஈ. "அய்யோ, தப்பாக அழுத்திட்டேன்" என்று தெரிவதோடு சேர்ந்து போவது. கண் அசைவுச் சோதனை ஒன்றில் 2001-இலேயே இதைக் காட்டிட்டாங்க: தான் செய்த தப்பைக் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் ஈ.ஆர்.என். ஒரே அளவு, பி.ஈ. மட்டும் கவனித்த தப்புக்குப் பெரிசு.

2016 ஆய்வில் சுருங்கியது இந்த இரண்டாவது அலைதான். ஈ.ஆர்.என். அப்படியே இருந்தது. அழுத்த வேண்டிய 'எஃப்'களை மருந்துக் குழு கூடுதலாகத் தவறவிட்டதும் அதில் உண்டு. ஆக, மூளை தப்பைப் பிடிக்கவில்லை என்று யாராவது எழுதினால் அது பிழை. பிடித்தது. பிடித்ததற்குக் கொடுக்கும் கவனம் குறைந்தது.

இப்போ உங்க வடிகட்டியைப் பாருங்க. பி.ஈ. மெதுவான அலை. 1 ஹெர்ட்ஸில் வெட்டினால் வியர்வையோடு அதையும் சேர்த்துச் சுரண்டிடுவீங்க. மேடு குட்டையாகும், அதோடு முன்னும் பின்னும் இல்லாத பள்ளங்கள் முளைக்கும். எதை அளக்க வந்தீங்களோ அதையே கழற்றி எறிவது மாதிரி. 0.1 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் போகாதீங்க. ஒப்பிட அடிப்படையாக (பேஸ்லைன்) எடுக்க வேண்டியது, பட்டன் அழுத்துவதற்கு 400 முதல் 200 மில்லிசெகண்ட் முன்னால் உள்ள பகுதி.

வியர்வையை வடிகட்டியில் தீர்க்கக் கூடாது, அறையில் தீர்க்கணும். மே மாதம் கத்திரி வெயிலில் பஸ்ஸில் நின்று வந்தவரை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்தால் தோலின் மின்னழுத்தம் அலை அலையாக ஆடும். ஹெல்மெட் போட்டு வந்தவருக்கு இன்னும் மோசம். ஏ.சி.யை 22-23 டிகிரியில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போடுங்க. மருந்துக்காகக் காத்திருக்கும் 60 நிமிடமும் அந்த அறையிலேயே இருக்கட்டும், தலை காய்ந்துவிடும். முடிந்தால் ஜனவரி, பிப்ரவரிக்கு மாற்றுங்க. ஏ.சி. இருக்குன்னு மட்டும் மே மாதத்தை நம்பாதீங்க, மின்சாரம் ஒரு தடவை போனால் அன்றைய பதிவு போச்சு. ஆம்ப்ளிஃபயரை யூ.பி.எஸ்.ஸில் போடுங்க, ஆனால் யூ.பி.எஸ். பெட்டி ஆளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அங்கிருந்துதான் வரும்.

தலைமுடி: தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் மின்முனைத் தடை இறங்கவே இறங்காது. முந்தின இரவே ஷாம்பூ அல்லது சீயக்காய், அதற்குப் பிறகு எண்ணெய் இல்லை, கண்டிஷனர் இல்லை. ஈரத் தலையோடும் வரக் கூடாது. பின்னலை அவிழ்க்கணும், பூ, ஹேர்பின் எடுக்கணும். இதை அழைப்புச் செய்தியிலேயே எழுதுங்க. பூவைக் கழற்றச் சொல்லி அங்கே வந்ததும் கேட்டால் சில பேருக்குச் சங்கடமாக இருக்கும். அடர்த்தியான முடியில் ஜெல் ஊற்றும் முன் மழுங்கிய ஊசிமுனையால் முடியை இரண்டு பக்கமும் விலக்கி, தோல் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஜெல். தோல் தெரியாமல் எவ்வளவு ஊற்றினாலும் முடி மேலேயே நிற்கும், பக்கத்து மின்முனையோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒரே அலையைக் காட்டும். தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே. ஆக்டிவ் மின்முனை (உள்ளேயே பெருக்கி உள்ளது) என்றால் 20-25 வரை பரவாயில்லை.

சோதனையில் 'எஃப்' நூற்றுக்கு எண்பது வரட்டும், அப்போதான் கை பழகி 'ஈ'க்கும் தவறி அழுத்தும். ஒருவருக்குக் குறைந்தது எட்டுப் பத்துத் தப்பாவது கிடைக்கணும். அதற்குக் கீழே போனால் அவருடைய சராசரி அலையில் இரைச்சல்தான் மிஞ்சும். முன்னோட்டமாக ஐந்து பேரிடம் ஓட்டி வேகத்தைச் சரி பண்ணிக்குங்க.

பெரம்பூர் பார்மசிஸ்ட்:

காபி விஷயம் விட்டுப்போச்சு. முந்தின இரவிலிருந்து காபி கூடாதுன்னு போட்டிருக்கீங்க. சென்னையில் காலை ஃபில்டர் காபி இல்லாமல் வருபவருக்கு, 12 மணி நேரம் தாண்டியதும் காபி விட்ட தலைவலி ஆரம்பிக்கும். இப்போ உங்க இரண்டு குழுவிலும் தலைவலி. ஒரு குழுவுக்கு மட்டும் நீங்களே பாராசிட்டமால் கொடுத்துத் தலைவலியைப் போக்கிடுறீங்க. கடைசியில் நீங்க அளப்பது மருந்துக்கும் மூளைக்கும் உள்ள உறவை அல்ல, தலைவலி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை. அதற்காக இஷ்டம்போல் குடிக்கவும் விட முடியாது, கஃபீன் ஈ.ஆர்.என். அலையைப் பெரிசாக்கும் என்று 2004-இலேயே கண்டிருக்காங்க. வழக்கமாகக் குடிப்பவர் இட்லியோடு வழக்கமான ஒரு டம்ளர், அதே நேரத்தில். குடிக்காதவர் குடிக்க வேண்டாம். இரண்டு குழுவிலும் காபி குடிப்பவர் எண்ணிக்கை சமமாக இருக்கும்படி பிரிங்க.

எண்ணும் எழுத்தும்:

ஆள் கணக்கு. 20-க்கு 20 வைத்தால், வித்தியாசம் திட்டவிலக்கத்தில் (ஆளுக்கு ஆள் மாறுபடும் அளவு) 0.9 அளவு இருந்தால்தான் 80 சதவீத வாய்ப்போடு கண்ணில் படும். 62 பேர் இருந்த ஆய்வுக்கே அந்த எல்லை சுமார் 0.7. ஒரு தலைவலி மாத்திரை அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. 0.4 என்று வைத்துக்கொண்டால் குழுவுக்கு 100 பேர் வேண்டும். புராஜெக்ட்டில் நடக்காத காரியம்.

நடக்கக்கூடியது: ஒரே ஆள் இரண்டு நாள் வருவது, ஒரு நாள் மருந்து, ஒரு நாள் போலி, நடுவில் ஒரு வாரம். ஒருவருடைய பி.ஈ. இரண்டு நாளிலும் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒப்புமை 0.7 என்று கொண்டால், அதே 0.4 வித்தியாசத்துக்கு 32 பேர் போதும். உங்க 40 பேரில் எட்டுப் பேர் இரண்டாம் நாள் வராமல் போனாலும் தாங்கும். குறை ஒன்று உண்டு: இரண்டாம் நாள் கை பழகிவிடும், தப்பு குறையும். அதனால் சரிபாதிப் பேர் மருந்தில் ஆரம்பிக்கணும், முதல் நாளுக்கு முன்பே அரை மணி பயிற்சி கொடுத்துடணும்.

முடிவு எழுதும்போது பலர் விழும் குழி: "பி.ஈ. மாறியது, ஈ.ஆர்.என். மாறவில்லை, ஆகவே மருந்து இரண்டாவதை மட்டும் தொடுகிறது." ஒன்றில் வித்தியாசம் தெரிந்து இன்னொன்றில் தெரியாமல் போனால், இரண்டும் வேறு என்று நிரூபணம் ஆகிவிடாது. இரண்டு மாற்றங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடும் சோதனையைப் போட்டு அந்த எண்ணைக் கொடுங்க. எந்த மின்முனை, எந்த நேரச் சாளரம் என்பதையும் முதல் ஆள் வருவதற்கு முன் எழுதிப் பதிவு பண்ணிடுங்க. 32 மின்முனை, பத்து விதமான சாளரம் இருந்தால் எங்காவது ஏதாவது தெரியத்தான் செய்யும்.

கடைசியில் ஒவ்வொருவரிடமும் "இன்றைக்கு என்ன கொடுத்தோம் என்று நினைக்கிறீங்க?" என்று கேட்டுக் குறிச்சுக்குங்க. பாதியைவிட நிறையப் பேர் சரியாகச் சொன்னால் ரகசியம் கசிந்திருக்கு என்று அர்த்தம்.

குரோம்பேட்டை நித்யா:

நான் இந்தத் துறை இல்லை, ஒரு சந்தேகம். மனசு நோவதையும் இந்த மாத்திரை குறைக்கும்னு படிச்சேன். உடம்பு வலிக்கும் மனவலிக்கும் மூளையில் ஒரே இடம்தானா? அப்போ பரீட்சைக்கோ வண்டி ஓட்டவோ முன்னாடி காய்ச்சல் மாத்திரை போடக் கூடாதா?

மின்முனை:

நித்யா மேடம், அந்த மனவலிச் செய்திக்கு மூலம் 2010-இல் வந்த ஆய்வு. முதல் பகுதியில் 62 மாணவர்கள் மூன்று வாரம் தினமும் 1000 மி.கி. மருந்தோ போலியோ எடுத்து, அன்றன்றைய மனக்காயத்தைக் குறித்தாங்க. இரண்டாவது பகுதியில் 25 பேர், தினமும் 2000 மி.கி., அதுவும் மூன்று வாரம். பிறகு எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் கணினியில் பந்து வீசும் விளையாட்டு. நடுவில் மற்ற இருவரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திடுவாங்க. ஒதுக்கப்படும் அந்த நேரத்தில் போலிக் குழுவைவிட மருந்துக் குழுவுக்கு மூளையின் முன் சிங்குலேட், முன் இன்சுலா என்ற இரண்டு பகுதிகளிலும் செயல்பாடு குறைவு.

ஆனால் ஒரே இடமா என்றால் அப்படிச் சொல்ல முடியாது. முன் சிங்குலேட் வலிக்கு மட்டும் ஒளிர்வதில்லை. தப்பு, குழப்பம், எதிர்பாராதது, கஷ்டமான முடிவு எல்லாவற்றுக்கும் ஒளிரும். 2014-இல் நுணுக்கமாகப் பார்த்தவங்க, ஒரே பகுதிக்குள்ளேயே உடல்வலியின் வடிவமும் ஒதுக்கப்பட்ட வலியின் வடிவமும் வேறு வேறு என்று காட்டிட்டாங்க. தவிர, எஃப்.எம்.ஆர்.ஐ. நேரடியாக நரம்பை அளப்பதில்லை, அந்த இடத்துக்கு வரும் ரத்த ஆக்ஸிஜனை அளக்குது. வலி மாத்திரை வகையிலேயே இண்டோமெத்தசின் மூளைக்கு வரும் ரத்த ஓட்டத்தையே குறைத்துவிடும். ஒரு மருந்து கொடுத்துப் படத்தில் பிரகாசம் குறைந்தால், நரம்பு அடங்கியதா, ரத்தக்குழாய் மாறியதா என்று தனியாகப் பார்க்கணும். தம்பி இ.இ.ஜி.யில் செய்வதை நான் ஆதரிக்க அதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்தது 2015-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்தது. 82 பேர், 1000 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து மனதைக் கலக்கும் படங்களும் மகிழ்ச்சியான படங்களும். இரண்டு வகையிலும் மிகத் தீவிரமான படங்களுக்குப் போலிக் குழு உணர்ச்சி மதிப்பெண் சராசரி 6.76, மருந்துக் குழு 5.85. வலியை மட்டும் அல்ல, சந்தோஷத்தையும் கொஞ்சம் தட்டையாக்கியிருக்கு. எல்லா மதிப்பெண்ணையும் இவங்க குறைச்சுத்தான் போடுறாங்களோ என்று சோதிக்க, இன்னொரு சுற்றில் படத்தில் நீல நிறம் எவ்வளவு இருக்குன்னும் கேட்டாங்க. அதில் வித்தியாசமே இல்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டுக் கேள்வியைத் தம்பியும் வைக்கணும்.

பெரம்பூர் பார்மசிஸ்ட்:

பரீட்சை, வண்டி பற்றி: இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் சிறிய சராசரி மாற்றங்கள். காய்ச்சலோ தலைவலியோ இருக்கும்போது அதுவே கவனத்தை இதைவிட அதிகம் கெடுக்கும், மாத்திரை போடுங்க. வண்டி ஓட்டும்முன் பயப்பட வேண்டியது ஜலதோஷக் கூட்டு மாத்திரைக்கு, அதிலுள்ள தூக்க மருந்துக்காக. அட்டையின் பின்பக்கம் பெயர்களைப் படிங்க. 2011-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலை 325 மி.கி.க்கு மட்டுப்படுத்தச் சொன்னதும் ஈரலைக் காக்கத்தான். தனி மாத்திரை ஒரு பக்கம், கூட்டு மாத்திரை ஒரு பக்கம் என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் இந்த ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு சந்தேகம் தீரும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து.

மூளைக்குள் எப்படி வேலை செய்யுது என்று தம்பி அறிமுகத்தில் எழுதணுமே, அதற்கு: ஈரலில் ஒரு சிறு பங்கு பாரா-அமினோஃபீனாலாக மாறும். அது மூளைக்குப் போய் அரக்கிடோனிக் அமிலத்தோடு சேர்ந்து ஏ.எம்.404 என்ற பொருளாகும். இதை 2005-இல் காட்டினாங்க. அது கஞ்சாவகை ஏற்பி அமைப்பையும், மிளகாய்க் காரத்துக்கு எரியும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியையும் தொடும். மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கி வலியைத் தடுக்கும் செரோட்டோனின் பாதையும் இதில் உண்டு. வாந்தியை நிறுத்தும் கிரானிசெட்ரானை முன்னாலேயே கொடுத்தால் ஆரோக்கியமானவங்களில் பாராசிட்டமாலின் வலிநீக்கம் காணாமல் போவதை 2006-இல் பார்த்தாங்க. அதனால் ஆன்டான்செட்ரான் வகை வாந்தி மாத்திரை எடுத்தவரையும் விலக்கு பட்டியலில் சேர்த்துக்குங்க.

வேளச்சேரி வாசகன்:

ரொம்ப நன்றி. மாற்றி எழுதிட்டேன்: 40 பேர், ஒரே ஆள் இரண்டு நாள், 500 மி.கி. கேப்சூல் இரண்டு, 90-ஆவது நிமிடம், 0.1 ஹெர்ட்ஸ், பிப்ரவரி. ஒரே ஒரு கேள்வி. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் மாத்திரைதானே, வழிகாட்டி கையெழுத்து போதுமா, நெறிமுறைக் குழு வேண்டுமா?

எண்ணும் எழுத்தும்:

கண்டிப்பாக வேண்டும். நலமாக உள்ளவருக்கு ஆய்வுக்காக மருந்து கொடுக்கிறீங்க, அவருக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. நிறுவன நெறிமுறைக் குழு அனுமதி, அதுவும் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவான குழு. அதன் பிறகு இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு, முதல் ஆளைச் சேர்க்கும் முன்னால். பின்னால் பதிய முடியாது. உங்க ஆய்வுக் குழுவில் ஒரு எம்.பி.பி.எஸ். மருத்துவரைச் சேர்த்துக்குங்க, மருந்து கொடுக்கும் நாளில் அவர் வளாகத்தில் இருக்கணும். ஒப்புதல் படிவம் தமிழில், "போலி மாத்திரையாக இருக்கலாம்" என்ற வரியோடு. நெறிமுறைக் குழு மாதம் ஒரு முறைதான் கூடும் இடங்கள் உண்டு. பிப்ரவரி வேண்டுமானால் செப்டம்பரிலேயே தாளைக் கொடுத்துடுங்க.